விளையாட்டு பிள்ளையின் குணத்தை வளர்க்கும் என்கிறார்கள்: கொழும்புக் கிறிஸ்தவப் பாடசாலைகளில் நடப்பது என்ன?

வெள்ளவத்தை அப்பா

எல்லோருக்கும் வணக்கம். மகன் கொழும்பில் ஒரு கிறிஸ்தவத் தனியார் பாடசாலையில் தரம் 8 படிக்கிறான். நாங்கள் சைவம். அங்கே சேர்த்ததற்கு ஆங்கிலம் ஒரு காரணம், ஒழுக்கம் இன்னொரு காரணம். பிள்ளையை ஆளாக்குவதில் வகுப்பறைக்குப் பாதி, மைதானத்துக்குப் பாதி என்று நேர்முகத்தின்போது அதிபர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இப்போது 15 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியில் இருக்கிறான். அண்மையில் ஓர் ஆட்டம் பார்க்கப் போனேன். எங்கள் பக்கப் பையன் ஒருவனின் பட்டில் பந்து உரசி விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. கூடாரத்தில் இருந்த எங்களுக்கே சத்தம் கேட்டது. அவுட் என்று தெரிந்தும் பையன் குனிந்து பிட்சைத் தட்டிக்கொண்டு நின்றான். நடுவர் கையை உயர்த்தவில்லை. தேநீர் இடைவேளையில் கோச் அவன் தோளில் தட்டிச் சொன்னது இதுதான்: "அப்பிடித்தான் நிக்கோணும். முகத்தில ஒண்டும் காட்டக் கூடாது." பொடியன்கள் எல்லோரும் சிரித்தார்கள், என் மகனும் சேர்த்து.

சுற்றறிக்கையில் எழுதுகிற 'நற்பண்பு' இதுதானா? அடுத்த தவணையிலிருந்து ஞாயிறு காலையிலும் பயிற்சியாம். கிறிஸ்தவப் பாடசாலை ஞாயிறு காலையில் பயிற்சி வைக்கலாமா என்று சைவக்காரன் நான் கேட்க வேண்டியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்காளர்

ஐயா, சுருக்கமாகச் சொல்கிறேன். தரம் 9 வரை விடுங்கள், அதோடு நிறுத்துங்கள். சாதாரண தரம், பிறகு உயர்தரம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கணக்கிடும்போது விளையாட்டில் வர்ணவிருது பெற்றவனா என்று யாரும் பார்ப்பதில்லை. என் மூத்தவனை அப்படித்தான் நிறுத்தினேன். இன்று மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். குணம் வீட்டில் வளரும்.

கோல்கீப்பர் அக்கா

கணக்காளர் அண்ணா, விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க விசேட ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்காது என்பது சரி. இல்லவே இல்லை என்று சொல்லாதீர்கள்.

வெள்ளவத்தை அண்ணாவின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். பிள்ளைகள் தூங்கட்டும்.

பழைய மாஸ்டர்

நான் மெதடிஸ்த பாடசாலையில் வரலாறு படிப்பித்தவன். ஓய்வுபெறும் வரை ஏதாவது ஒரு அணிக்குப் பொறுப்பாசிரியராகவும் இருந்தேன். இந்தக் 'குணத்தை வளர்க்கும் விளையாட்டு' எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பரிசளிப்பு விழாக்களில் இங்கிலாந்தின் ரக்பி பாடசாலைத் தலைமையாசிரியர் தோமஸ் ஆர்னல்ட் பெயரைச் சொல்வார்கள். 1842இல் இறந்த அந்த மனிதருக்கு விளையாட்டில் பெரிய அக்கறை இருக்கவில்லை. மதமும் ஒழுக்கமும் முதலில், படிப்பு அதற்குப் பிறகு என்பதுதான் அவர் கொள்கை. கிரிக்கெட்டும் காற்பந்தும் ஒரு பையனைக் கிறிஸ்தவக் கனவானாக ஆக்கிவிடும் என்ற நம்பிக்கை அவருக்குப் பின்னால் வந்தவர்களுடையது. அந்தத் தலைமுறையில் படித்தவர்கள்தான் பாதிரிமாராகவும் ஆசிரியர்களாகவும் இங்கே கப்பலேறி வந்தார்கள்.

கொழும்பில் முதல் பெரிய கிரிக்கெட் ஆட்டம் 1879இல் நடந்தது. கொழும்பு அக்கடமிக்கும் சென். தோமஸுக்கும் இடையில். அக்கடமிதான் பிறகு ரோயல் ஆனது. தோமஸ் அப்போது முகத்துவாரத்தில் இருந்தது, கல்கிசைக்குப் போனது 1918இல். அந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்து ஆடினார்கள். அடுத்த வருடத்திலிருந்து பையன்கள் மட்டும்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். 1885 ஆட்டத்தில் ரோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆட்டம் முடிக்கப்படவில்லை. அது எங்கள் வெற்றி என்று தோமியர் இன்றுவரை எழுதுகிறார்கள், சமநிலை என்று ரோயல்காரர் எழுதுகிறார்கள். வெற்றிக் கணக்கைக் கேட்டால் இரண்டு பக்கமும் இரண்டு எண்ணிக்கை சொல்லும். குணத்தை வளர்க்கத் தொடங்கிய ஆட்டம் ஐயா, 140 வருடமாகக் கணக்குத் தீரவில்லை.

ஆனால் நிஜமாகவே அந்த நோக்கத்தோடு உண்டாக்கிய விளையாட்டுகளும் உண்டு. கூடைப்பந்தை 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர், வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டு முட்டி மோதிக்கொண்டிருந்த இளைஞர்களுக்காக, ஆளை ஆள் இடிக்க வேண்டிய தேவையே இல்லாத ஓர் ஆட்டத்தை யோசித்தார். பந்தோடு ஓடக் கூடாது. தள்ளினால் தவறு. இரண்டாவது தடவை தள்ளினால் அடுத்த கோல் விழும்வரை வெளியே. எல்லாம் அவர் எழுதிய 13 விதிகளில் இருக்கிறது. 1895இல் கரப்பந்தைத் தொடங்கிய வில்லியம் மோர்கனும் வை.எம்.சி.ஏ. ஆள்தான். 1916இல் அது இலங்கைக்கு வந்ததும் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாகத்தான். இன்று அது நம் தேசிய விளையாட்டு. ஒரு வலை, ஒரு பந்து, மணல் தரை, இவ்வளவு போதும். கொழும்புப் பாடசாலைகளில் கரப்பந்து அணிக்கு யார் அனுசரணை தருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பழைய மாணவர் சங்கத்தின் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது அப்போது தெரியும்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

மாஸ்டர் சொன்ன கடைசி வரிக்கு என் வாக்கு.

நான் படித்தது பெரிய பெயர் இல்லாத ஒரு கத்தோலிக்கப் பாடசாலை. எங்களுக்குப் புல் விக்கெட் கிடையாது, கயிற்றுப் பாய்தான். ஆட்டத்தன்று விடிய முதல் போய்ப் பாயைச் சுருளோடு தூக்கி வர வேண்டும். நனைந்திருந்தால் நாலு பேருக்கும் தோள் கழன்றுவிடும். விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்து இழுத்து, சுருக்கம் இல்லாமல் பிடித்துக்கொள்ள, ஒருவன் ஓரமாக இரும்பு ஆணிகளை அடித்துக்கொண்டு போவான். ஒரு இடத்தில் தளர்ந்தால் பந்து எழும்பி முகத்துக்கு வரும். அந்த முகம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் யாரும் ஏமாற்றி இழுக்கமாட்டார்கள். எங்கள் அணியில் ஆணி அடிப்பது எப்போதும் தலைவர்தான். அது எழுதாத விதி. முந்தின வருடத் தலைவர் சுத்தியலைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

வெள்ளவத்தை அண்ணா, ஒரு விஷயம் கேளுங்கள். உங்கள் மகன் ஆட்டம் முடிந்ததும் என்ன செய்கிறான்? ஸ்டம்ப், பட், தண்ணீர்க் கலன் எல்லாம் யார் எடுக்கிறார்கள்? மைதானத் தொழிலாளி எடுக்க, இவர்கள் நேரே வானில் ஏறினால் நான் அந்தப் பாடசாலையைப் பற்றி வேறெதுவும் கேட்கமாட்டேன்.

மற்றது, நின்ற பையனைத் திட்டாதீர்கள். விதிப்படி அவன் செய்தது தவறே இல்லை. எதிரணி கேட்க வேண்டும், நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர் பெரும்பாலும் நிற்கிறார்கள்.

வெள்ளவத்தை அப்பா

தம்பி, பையனைத் திட்டவில்லை. அவனுக்கு 14 வயது. என் கோபம் கோச்சோடு.

மைதானத் தொழிலாளிதான் எடுக்கிறார். நான் பார்த்தேன்.

கோல்கீப்பர் அக்கா

பொடியன் தம்பி, விதியில் நிற்கலாம் என்றிருப்பது போலவே, யாரும் கேட்காமலே தானாகப் போகலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. 2003 உலகக் கிண்ண அரையிறுதி ஞாபகமா? போர்ட் எலிசபெத்தில் எங்கள் அரவிந்தவின் பந்து. அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்டின் பட்டில் பட்டு, எங்கள் விக்கெட் காப்பாளர் சங்கக்கார பிடித்தார். நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்று தலையாட்டினார். அந்த மனுஷன் ஒரு நொடி நின்றுவிட்டுத் தானாக நடந்து போனார். எங்கள் வீட்டில் அப்பா ரேடியோவையும் டிவியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு கத்தினார். பிறகு நாங்கள் தோற்றோம் என்பது வேறு கதை.

சரி, நான் சொல்ல வந்தது வலைப்பந்து பற்றி. கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பாடசாலை ஒன்றில் ஜீகே, அதாவது கோல்கீப்பராக விளையாடினேன். மாஸ்டர் சொன்ன கூடைப்பந்தின் தங்கைதான் வலைப்பந்து. அதில் ஏழு பேருக்கும் ஏழு இடம். கோல் போட ஜீஎஸ் (கோல் ஷூட்டர்), ஜீஏ (கோல் அட்டாக்) இரண்டு பேருக்கு மட்டும்தான் உரிமை. ஜீகே பள்ளிக் காலம் முழுக்க ஒரு கோல்கூடப் போடாமல் வீட்டுக்குப் போவாள். பரிசளிப்பில் அவள் பெயரை வாசிக்கும்போது சொல்ல எண்ணிக்கை எதுவும் இருக்காது.

எதிராளியை இடித்துவிட்டால் நடுவர் விசில் அடிப்பார். அப்போது இடித்தவள் பந்து வைத்திருப்பவளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பந்து அவள் கையைவிட்டுப் போகும்வரை ஆடக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது. வட்டத்துக்குள் என்றால், நான் இடித்தவள் எனக்கு ஒரு அடி தள்ளி நின்று நிதானமாக வளையத்தைப் பார்த்துப் பந்தை எறிவாள். அவளுடைய மணிக்கட்டு மடங்குவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். 13 வயதில் எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இரண்டு மூன்று வினாடி மிகப் பெரியது. விசில் அடித்த மிஸ்ஸிடம் முதலில் முணுமுணுப்பேன். எங்கள் பொறுப்பு சிஸ்டர் எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பயிற்சியில் என்னை நடுவராக்கி விசிலைக் கையில் கொடுத்தார், ஒரு தவணை முழுக்க. என் தோழிகள் என்னைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அவ்வளவுதான்.

இதைச் செய்ய சிஸ்டருக்கு எப்படி முடிந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பாப்பரே பாண்ட் வாத்தியக் குழு இல்லை, கூடாரம் இல்லை, பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கோர் கேட்பவர் இல்லை. தோற்றால் அவருடைய வேலை போகாது. அதனால் பலவீனமான பிள்ளையையும் இறக்கிப் பார்த்தார்.

இதில் கசப்பும் உண்டு. தரம் 10 வந்ததும் அணியில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். டியூஷன் ஒரு காரணம். "வெயிலில் கறுத்துப் போவாய்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதைவிடப் பெரிய காரணம்.

பேராதனை மாணவி

உளவியல் படிக்கிறேன். 1980களில் பிரெண்டா பிரெடமயர், டேவிட் ஷீல்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கூடைப்பந்து ஆடும் மாணவர்களிடம் அன்றாட வாழ்க்கைப் பிரச்சினையையும் ஆட்டத்துக்குள் வரும் பிரச்சினையையும் கொடுத்து நியாயம் கேட்டார்கள். அதே ஆள் ஆட்டத்துக்குள் வந்ததும் தன்னலமாக யோசிப்பது தெரிந்தது. கோட்டுக்கு உள்ளே வேறு நியாயம், வெளியே வேறு நியாயம். கோச்சும் நடுவரும்தான் பொறுப்பு, நான் விளையாட மட்டும் வந்தேன் என்ற மனநிலை. ஆகவே விளையாடுவதால் தானாக ஒன்றும் வளராது. அண்ணா கேட்ட அந்தத் தேநீர் இடைவேளைப் பேச்சுதான் பாடம்.

டிக்கோயா

கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனை யாரும் இன்னும் இழுக்கவில்லை, ஆச்சரியம். நானே இழுக்கிறேன். கண்டியில் தமிழ்ப் பையன், சைவம், படித்தது பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடங்கிய கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவரை 14 வயதில் சுழலுக்கு மாறச் சொன்னவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட். நல்ல கதை. எங்கள் பக்கம் ஒவ்வொரு பாடசாலையிலும் சொல்வார்கள்.

சொல்லாத கதை ஒன்று. என் சித்தப்பா மகன் தோட்டத்தில் லயத்திலிருந்து ஓடியவன். செருப்பில்லாமல் 1500 மீற்றர். மாகாண மட்டத்தில் வென்றதும் கொழும்பிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பாடசாலை அழைத்தது. விடுதி இலவசம், சப்பாத்து இலவசம், ஜெபத்தோடு வரவேற்பு. சித்தி அழுதுகொண்டே அனுப்பினா. அவன் ஓடிய இரண்டு இல்ல விளையாட்டுப் போட்டிகளிலும் பிரதம விருந்தினர் அவனைப் பற்றித்தான் பேசினார்கள். அதற்குப் பிறகு முழங்கால் சவ்வு கிழிந்தது. சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த காலத்தில் விடுதிக் கட்டணச் சீட்டு வந்தது. இலவசம் ஓடுகிறவனுக்குத்தானாம்.

யாரையும் குறை சொல்லிப் பெயர் போட விருப்பமில்லை. பாடசாலைகள் ஆள் பிடிக்கிற இந்தப் பழக்கம் கிறிஸ்தவம், பௌத்தம் என்று பார்ப்பதில்லை. ஆனால் வேதத்தைச் சுவரில் எழுதி வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கலாம்தானே?

அவன் இப்போது ஹட்டனில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். பொடியன்களுக்கு மாலையில் ஓட்டம் பழக்குகிறான். பணம் வாங்குவதில்லை.

கணக்காளர்

டிக்கோயா தம்பி, இதற்காகத்தான் சொன்னேன். படிப்பு முழங்காலோடு போகாது.

தெமட்டகொடைப் போதகர்

நான் திருச்சபை ஊழியன். ஒரு பாடசாலையில் சிற்றாலயப் பொறுப்பும் உண்டு. டிக்கோயாத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

விளையாட்டுப் போட்டி ஆராதனையில் எல்லோரும் வாசிக்கச் சொல்லும் பகுதி, வேதாகமத்தில் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய பந்தயச் சாலைப் பகுதி. கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. அவர்களுக்கு விளங்கும் உதாரணத்தைப் பவுல் எடுத்தார். ஆனால் அங்கேயே, வென்றவனுக்குக் கிடைப்பது வாடிப்போகும் கிரீடம் என்றும் சொல்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது சரீர முயற்சிக்குக் கொஞ்சப் பயன்தான் என்கிறார். இந்த வசனத்தை எந்த விளையாட்டுப் பொறுப்பாசிரியரும் என்னிடம் வாசிக்கச் சொன்னதில்லை.

ஆட்டத்துக்கு முன் ஜெபத்துக்கு அணித்தலைவர்கள் வருவார்கள். "பாஸ்டர், வெல்ல வேண்டும் என்று ஜெபியுங்கள்" என்பார்கள். அந்த ஜெபத்தை நான் செய்வதில்லை. ஜோ-பீட் கிரிக்கெட் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். 1933இலிருந்து சென். ஜோசப்பும் சென். பீட்டர்ஸும் மோதுகின்றன. இரண்டும் கொழும்பு உயர் மறைமாவட்டத்தின் பாடசாலைகள், அதிலும் பீட்டர்ஸ் 1922இல் பம்பலப்பிட்டியில் தொடங்கியதே ஜோசப்பின் கிளையாகத்தான். ஒரே பேராயரின் இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் கடவுளிடம் வெற்றி கேட்டால் அவர் என்னதான் செய்வார்? காயமில்லாமல் ஆடட்டும், தோற்றவர் கையைப் பிடிக்கும் மனம் வரட்டும் என்று ஜெபிப்பேன். பையன்களின் முகத்தில் ஏமாற்றம் தெரியும், பரவாயில்லை.

ஞாயிறு பற்றி: கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலி ஞாயிறுக் கடமைக்குச் செல்லும். ஆகவே அவர்கள் சமாளிக்கலாம். எங்கள் சபைகளில் ஞாயிறு பாடசாலை காலையில்தான். சைவ, பௌத்த, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் குடும்பத்தோடு இருக்க மிஞ்சியிருப்பது அந்த ஒரு காலைதான். ஐயா, நீங்கள் எழுதிக் கேளுங்கள். சைவக்காரர் கேட்டால் நிர்வாகத்துக்கு இன்னும் உறைக்கும்.

பழைய மாஸ்டர்

போதகர் ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். 1960, 61இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, கொழும்பின் பெரிய கிறிஸ்தவப் பாடசாலைகள் சில தனியாக நிற்க முடிவு செய்தன. அரசு உதவி நின்றது. கட்டடம், சம்பளம், மைதானம் எல்லாவற்றுக்கும் பெற்றோரையும் பழைய மாணவரையும் நம்பினார்கள். அந்தக் கஷ்டகாலத்தில் பாடசாலையைக் காப்பாற்றியவர்கள் பழைய மாணவர்கள்தான், மறுக்க முடியாது. அதோடு வந்ததுதான் இந்தப் பிடி. அதிபர் இன்று ஒரு கோச்சை மாற்ற வேண்டுமென்றால் யாரிடம் பேச வேண்டும் என்று அதிபருக்கே தெரியும்.

பெரிய கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும் மார்ச் மாதத்தில் லொறியில் ஏறி, தொப்பியை நீட்டிக் காசு கேட்டு, பெண்கள் பாடசாலை மதிலைப் பாய்கிற கூட்டத்தையும் இதே சங்கங்கள் 'பாரம்பரியம்' என்று சிரித்துக்கொண்டு பார்க்கின்றன. அதைப் பற்றித் தனி இழை தொடங்கினால் வந்து எழுதுகிறேன்.

வெள்ளவத்தை அப்பா

எல்லோருக்கும் நன்றி. நேற்று வலைப்பயிற்சிக்குப் பிறகு கோச்சைத் தனியாகப் பிடித்துப் பேசினேன். சண்டை பிடிக்கவில்லை. வயதில் இளையவர். தானும் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் ஆடியவர். "அண்ணே, எனக்கு வருஷ ஒப்பந்தம். டிசம்பரில் மேசையில் வைக்கிறது வெற்றி, தோல்வி, சமநிலை மூன்று எண்ணிக்கைதான். பொடியன் நடந்து போனானா நின்றானா என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஞாயிறு விஷயமாக ஐந்து பெற்றோர் சேர்ந்து கடிதம் எழுதுகிறோம், இரண்டு மதத்தவர். அதிலேயே கோச்சின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பெற்றோர் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ஒரு பந்தி போடலாமா? பழைய மாணவர் சங்கத்துக்குப் பிரதி போட்டால் நல்லதா, கெட்டதா?

பழைய மாஸ்டர்

பிரதி போடுங்கள். ஆனால் அதிபருக்குக் கடிதம் போய் இரண்டு நாள் கழித்து. முதலில் அவர் படிக்கட்டும்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

ஸ்டம்ப் எடுக்கிற விஷயத்தையும் ஒரு வரி போடுங்கள் அண்ணா. அதற்கு யாருடைய பணமும் தேவையில்லை.

கணக்காளர்

எல்லாவற்றையும் வாசித்தேன். சின்னவன் தரம் 7. திங்கள் முதல் புதன் வரை கணிதம், விஞ்ஞானம். வியாழன் மாலை மட்டும் சும்மா இருக்கிறான். மாஸ்டர், கொழும்பு வடக்கில் வியாழனில் கரப்பந்து பழக்குகிற இடம் எது? கேட்டுத்தான் வைக்கிறேன்.